சிட்டு ஓடாத ஞாயிறு

நைனா,

வெள்ளிக்கிழமை காலையில் சிட்டுவின் கால்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். மற்ற மூன்று கால்களிலும் நகம் தேய்ந்து மழுங்கியிருந்தது. வலது முன்னங்காலில் மட்டும் நகங்கள் நீளமாக வளர்ந்து நுனியில் வளைந்திருந்தன.

நாய் நொண்டவில்லை. ஆள் பார்க்கும்போது நாலு காலையும் ஊன்றித்தான் நடக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் அந்தக் காலைத் தூக்கிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். தரையில் படாத நகம் தேயாது. வேறு யாரிடம் சொன்னாலும் நகம்தானே, வெட்டிவிடு என்பார்கள். நீ இருந்தால் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, வந்து குந்திப் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போயிருப்பாய். அதுவரைக்கும் எனக்குத் தெரிகிறது. அதற்கப்புறம் நீ என்ன செய்திருப்பாய் என்பதுதான் தெரியவில்லை.

நாம் இந்த மாந்தோப்புக்கு வந்தபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். கல்குவாரியில் உனக்கு முதுகு போன பிறகு, தன் ரேஸ் நாய்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று முதலாளி கூப்பிட்டார். தங்க ஒரு ரூமும் கொடுத்தார். மோட்டார் கொட்டகையை ஒட்டித் தகரக் கூரை போட்ட கூண்டுகள். அவற்றுக்குள் நெட்டைக்கால் நாய்கள். வெளிநாட்டு ரேஸ் நாயும் நம் பக்கத்து வேட்டை நாயும் சேர்ந்த கலப்பு என்று நீ சொன்னாய். அவ்வளவு மெல்லிய தோலை நான் எந்த நாய்க்கும் பார்த்ததில்லை. கொசு கடித்தாலே தடித்துவிடும். வெயிலில் தகரம் காயும்போது ஒன்றை ஒன்று தொடாமல் தள்ளித் தள்ளிப் படுத்து மூச்சிரைத்துக்கொண்டிருக்கும்.

வந்த முதல் நாளே அம்மா கேட்டாள். "இன்னாயா இது, எலும்புல தோலப் போத்தி வச்ச மாதிரி இருக்குதுங்க. சோறு போடுறாங்களா இல்லியா?"

"தொப்பை இருந்தா ஓடாதுடி. நீ இன்னா ரேஸுக்கா போற? நீ சாப்டு" என்றாய். அம்மா உன்மேல் துடைப்பத்தை எறிந்தாள். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம்.

ஏரி காய்ந்ததும் ரேஸ் ஆரம்பமாகும். ஒரு முனையில் ஆட்கள் நாய்களை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருப்பார்கள். இன்னொரு முனையில் ஒரு பைக்கைக் கவிழ்த்துப் போட்டு, அதன் பின்சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி முயல் தோலை இழுப்பார்கள். நாய்கள் தோலைத் துரத்தும். முடிவுக்கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு நாய்க்கும் பழகின ஆள் ஒருவன் எதிரே நின்று துண்டை வீசிக்கொண்டு அதன் பெயரைச் சொல்லிக் கத்துவான். தோல் மண்ணில் மறைந்துவிட்டாலும் அந்தக் குரலுக்கு நாய் ஓடிவரும் என்பது கணக்கு.

சிட்டு தோலைத் துரத்தவே இல்லை. முதல் தடவை விட்டபோது, தோல் தன் பாட்டுக்குப் போவதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மைக்கில் பேசுகிறவர், "யோவ், உன் நாயி இன்னா பஸ்ஸுக்கு நிக்குதா? விழுப்புரம் பஸ்ஸு போயிடுச்சுன்னு அதாண்ட சொல்லுய்யா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "ருசி காட்டு" என்றார் உன்னிடம்.

ருசி காட்டுவது என்றால், பின்னங்கால் கட்டின உயிர் முயலை நாய்க்கு முன்னால் விடுவது. நீ என்னை உள்ளே போகச் சொன்னாய். போனேன். கதவைச் சாத்திக்கொண்டாலும் முயல் கத்துவது கேட்கும். பச்சைக் குழந்தை கத்துகிற மாதிரியே இருக்கும். மற்ற நாய்கள் என்றால் சீக்கிரம் அடங்கிவிடும். அன்றைக்குக் கத்தல் அடங்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. சிட்டு அந்த முயலை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டதாம். நீதான் வந்து சொன்னாய். சொல்லும்போது உனக்குக் கோபமா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. "பேசாத பொண்ணுக்குப் பேசாத நாயி. நல்லா வந்து சேந்தீங்கடி" என்றாய்.

ஓடாத நாயை என்ன செய்வார்கள் என்று நம் மூன்று பேருக்கும் தெரியும். "மலைக்கு அனுப்பியாச்சு" என்று முதலாளி சொல்வார், சாமி கும்பிட அனுப்பின மாதிரி. கோட்டை மலை அடிவாரத்தில், டிக்கெட் கொடுக்கிற இடத்தைத் தாண்டி, முள்ளுக்காட்டில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். கூண்டிலேயே வளர்ந்த நாய்க்கு வெளியே பிழைக்கத் தெரியாது. ஊர் நாய்கள் சேர்க்காது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் போட்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை நம் பழைய கறுப்பு நாயை நெல் மண்டிக்கு வெளியே பார்த்தேன். முதுகெல்லாம் கடிபட்டிருந்தது. யாரோ ஒரு லாரிக்காரர் உன்னை மாதிரியே தொண்டையைச் செருமினார். அது சட்டென்று தலையைத் தூக்கியது. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "அது வேற நாயாயிருக்கும்" என்றாய். அதற்கப்புறம் ரொம்ப நாள் நீ மண்டிப் பக்கமே போகவில்லை. தவிடு வாங்கக்கூட அம்மாவைத்தான் அனுப்பினாய்.

அந்த வருஷம்தான் நான் ஒன்பதாவதோடு நின்றேன். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் எனக்கு வாய் வராது. கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் வராது. நீ திட்டவில்லை. "வீட்ல இரு. நாயிங்கள பாரு" என்றாய். ஒரு காலையில் உனக்குச் சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்கு வந்து, எதிர்முனையில் கரையிலிருந்து இறங்கினேன். நீ தூரத்தில் மூன்று நாய்களைப் பழக்கிக்கொண்டிருந்தாய். சிட்டு உன் பிடியை உதறிக்கொண்டு கிளம்பியது. தோலுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த மற்ற இரண்டையும் தாண்டிக்கொண்டு வந்தது. வெளுத்த காதுகள் பின்னால் ஒட்டிப்போய், நாலு காலும் மண்ணை விட்டு எழும்பி வந்தது. என்னைப் பார்த்து எதுவும் அப்படி ஓடி வந்ததில்லை நைனா. தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினேன். அது வந்து மோதின வேகத்தில் இரண்டு பேரும் உருண்டோம். குழம்பு முழுக்க மண்ணில் போயிற்று. நீ முதுகைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்து, என் தலையில் கைவைத்து, "அடியே, நீதான்டி அதுக்கு முயலு!" என்றாய்.

அன்றைக்கு நீ அதைக் காப்பாற்றினாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மலைக்குப் போயிருக்க வேண்டிய நாய் கூண்டிலேயே இருந்தது, முட்டையும் ஈரலும் தின்றது. அதற்காக ரேஸ் நடக்கிற ஞாயிறெல்லாம் நான் எதிரே நிற்கவேண்டியிருந்தது. அங்கே பொம்பளை என்று நான் ஒருத்திதான். துப்பட்டாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பேன். மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். நான் கத்தமாட்டேன், குந்துவேன். அவ்வளவுதான் என் வேலை. "ஊமப்பொண்ணு வந்துடுச்சுடா! அந்த நாயிக்கு இன்ஜினே அங்கதான் நிக்குது!" என்று மைக்கில் சொல்வார். எனக்குக் காது சுடும். சிட்டு முதலில் வரும்.

"ஓடுறது அதுங்க ரத்தத்துல இருக்குதும்மா. ஓடலன்னாதான் அதுக்குக் கஷ்டம்" என்பாய். எனக்குத் தெரிந்தவரை சிட்டுவுக்கு வந்து சேர்வதுதான் பிடிக்கும். வந்து சேர, நடுவில் அவ்வளவு தூரம் ஓடவேண்டியிருந்தது.

போன வருஷம் மாசியில் ஏரி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பாதித் தூரத்தில் சிட்டுவின் வலது முன்னங்கால் வெடிப்பில் மாட்டி, தலைகுப்புறப் புரண்டு விழுந்தது. பின்னால் வந்த நாய் அதை மிதித்துக்கொண்டு போனது. அது எழுந்து மூன்று காலில் என்னிடம் வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வாய்க்கூடு மாட்டின மூக்கை என் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நடுங்கியது. நீ மூங்கில் தப்பை வைத்துக் கட்டினாய். கட்டும்போது "சதப்புடிப்புதான், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாய். என்னிடம் சொல்லவில்லை, அதனிடம் சொன்னாய்.

அதற்கப்புறம் நீ அதை ஓடவிடவில்லை. முதலாளி கேட்கும்போதெல்லாம் "ஹீட்டுல இருக்குது முதலாளி" என்றாய். ஹீட்டில் இருக்கும் பெட்டையை யாரும் ரேஸில் விடமாட்டார்கள். விட்டால் மற்ற நாய்கள் தோலை மறந்துவிட்டு அதன் பின்னால் போய்விடும். பங்குனியில் சொன்னாய். வைகாசியில் சொன்னாய். ஆடியிலும் சொன்னாய்.

"இன்னாய்யா, வருஷம் பூராவுமா?"

"சில பெட்டைங்க அப்டிதான் முதலாளி. வெளிநாட்டு ரத்தம்" என்றாய், முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு. ரூமுக்குள் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு உன்மேல் அன்றைக்கு இருந்த பிரியம் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸ் விழுப்புரம் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. சிட்டுவுக்காக நீ சொல்லிவந்த பொய்யைத் தொடர்ந்து சொல்ல ஆள் இல்லை. எனக்கோ உண்மையைச் சொல்லவே வாய் வராது.

உன் இடத்துக்குச் செல்வம் அண்ணன் வந்திருக்கிறார். கெட்ட ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை அவர்தான் சொன்னார். "பாப்பா, ஞாயித்துக்கெழம சிட்டு ஓடுது. கர்நாடகாலேர்ந்து பார்ட்டி வந்து பாக்குறாங்களாம். புடிச்சிருந்தா வாங்கிக்குவாங்க. நீ வந்து நின்னுட்டா போதும்."

நான் நகத்தைக் காட்டினேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். நான் அவ்வளவு பேசி நீகூடக் கேட்டிருக்கமாட்டாய்.

"நகத்தப் பாத்து கால்வலின்னு சொல்றியே, நீ இன்னா ஜோசியமா பாக்குற?" என்று சிரித்துக்கொண்டே அவர் காலை அமுக்கிப் பார்த்தார். சிட்டு அசையவில்லை. நாக்கால் உதட்டை மட்டும் நக்கிக்கொண்டது. "பாத்தியா, ஒண்ணும் இல்ல."

சனிக்கிழமை அதை மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனேன். ஆடுகளும் கன்றுக்குட்டிகளும் நிற்கிற வரிசையில் நின்றோம். டாக்டரம்மா அதே இடத்தை விரலால் தடவினார். சிட்டு மறுபடியும் உதட்டை நக்கியது. "வலிக்குது. வெளிய காட்டாது இந்த ஜாதி நாய்" என்றார் அவர். "எலும்பு சரியா கூடல. நடக்கட்டும், தப்பில்ல. முழு வேகத்துல ஓடினா அதே எடத்துல ஒடிஞ்சிடும். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதும்மா." பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரேஸ் நாயா? யாரோடது? எங்க ஓட்றாங்க? நீ ஒரு புகார் எழுதிக் குடு, நான் மேல அனுப்புறேன்."

பேனாவை நீட்டினார். எனக்கு நம் ரூம்தான் ஞாபகம் வந்தது. அம்மாவின் பாத்திரங்கள், உன் போட்டோ, கொடியில் காயும் துணி. நான் சிட்டுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது.

அம்மாவிடம் சொன்னேன். அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "எனக்கும் அது மேல பாசம்தான்டி. ஆனா இந்த ரூம விட்டா நமக்கு இன்னா இருக்குது? மில்லுல கூட்டுற வேலைக்கு எவன் வீடு குடுப்பான்? ஒரு தடவ நின்னுட்டு வந்துடு. சாமி பாத்துக்கும்." கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "உங்க நைனா இருந்தா எதனா சொல்லிச் சமாளிச்சிருக்கும்" என்றாள். அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள்.

செல்வம் அண்ணன் என் பொருட்டு முதலாளியிடம் போய்ப் பேசினார் என்று பிறகு தெரிந்தது. முதலாளி சொன்னது இவ்வளவுதான்: "ஓடினா கர்நாடகா. ஓடலன்னா மலை."

ராத்திரி முழுக்க யோசித்தேன். நான் நின்றால் அது முழு வேகத்தில் வரும். வழியில் கால் ஒடியும். ஒடியாமல் தப்பித்தால் கர்நாடகா போகும். அங்கே எதிரே நிற்க நான் இருக்கமாட்டேன். தோலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அந்த ஊரிலும் ஒரு மலை இருக்காமலா போகும்? நான் நிற்காவிட்டால் கால் பிழைக்கும், ஆனால் நம் மலைதான். எந்தப் பக்கம் போனாலும் ஒரே இடத்தில்தான் முடிந்தது. நீ இருந்தால் ஒரு மூன்றாவது வழியை உளறியாவது வைத்திருப்பாய். நான் எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒன்று வரவில்லை.

சிட்டு இப்போது எங்கே என்பதைக் கடைசியில் எழுத எனக்குத் தெம்பு இருக்காது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அது ஓடவில்லை. திங்கட்கிழமை விடியும் முன்னே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் எழுந்தபோது கூண்டு கழுவிவிட்டிருந்தது. மலை அடிவாரத்தில் தேடினேன், குளத்துப் பக்கம் தேடினேன், முள்ளுக்காட்டுக்குள் போய், இல்லாத குரலை வரவழைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கோட்டைக் காவலாள் ஒருவர், விடிகாலையில் வெளுத்த நெட்டை நாய் ஒன்றை ஊர் நாய்கள் துரத்திக்கொண்டு போனதாகச் சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையை மேற்கே காட்டினார், பிறகு தெற்கே காட்டினார். தினமும் போகிறேன். இன்னும் கிடைக்கவில்லை. மாதம் முடிவதற்குள் ரூமைக் காலிசெய்யச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மட்டும் தட்டில் போட்டுத் தள்ளிவைக்கிறாள். உன்னிடமிருந்து எனக்கு வந்த பழக்கம் ஒன்றுதான் மிச்சம். எதிரே எது வந்தாலும், மாடோ ஆடோ மனிதரோ, நான் முதலில் காலைத்தான் பார்க்கிறேன். பார்த்து என்ன செய்வது என்பது தெரியாமலே பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் நல்ல கூட்டம். கர்நாடகாக்காரர்கள் முதலாளியோடு குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சிட்டுவுக்கு முதல் நாள் சாயந்திரத்திலிருந்து சோறு இல்லை. காலையில் செல்வம் அண்ணன் ஒரு ஊசி போட்டார். "வலி தெரியாது பாப்பா, கவலப்படாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வலி தெரியாவிட்டால் இன்னும் வேகமாக ஓடும் என்பது அவருக்கும் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் போய் வழக்கமான இடத்தில் நின்றேன். மைக்கில், "வந்துட்டாங்கய்யா நம்ம ஊமப்பொண்ணு! இனிமே பாருங்க ஆட்டத்த!" என்றார். சுற்றி விசில் அடித்தார்கள். அந்த முனையில் சிட்டு என்னைப் பார்த்துவிட்டது. அத்தனை தூரத்திலிருந்தும் அதன் உடம்பு முழுக்கத் துள்ளுவது தெரிந்தது. செல்வம் அண்ணன் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார். பைக்கை ஸ்டார்ட் செய்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் துண்டை எடுத்துக்கொண்டார்கள்.

துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பினேன். "ஏய், எங்க போற? ஏ பொண்ணு!" என்று யாரோ கையைப் பிடித்தார்கள். உதறினேன். ஆட்களுக்கு நடுவில் புகுந்து, கடைசி வரிசையையும் தாண்டி, ஐஸ் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். விசில் ஊதினார்கள்.

ஆட்களின் கால்களுக்கு இடையில் தடம் கொஞ்சம் தெரிந்தது. மற்ற நாய்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போயின. சிட்டு கொஞ்ச தூரம் வந்து, வேகம் குறைந்து, நடந்து, நின்றுவிட்டது. "எங்கய்யா போச்சு இன்ஜினு? யாருனா தேடுங்கய்யா!" என்று மைக்கில் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். சிட்டு காதைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகப் பார்த்தது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தது.

நான் வெளியே வரவில்லை.